குன்றிமணி மருந்தும் மாப்பிள்ளை மிடுக்கும்

மாப்ள,

டெக்ஸாஸ்லருந்து நீ அனுப்புன, நீயே கட்டற தோட்டாவோட கணக்குத் தாளைப் பாத்தேன். பச்சைக் கட்டம், மஞ்சக் கட்டம், செவப்புக் கட்டம், நடுவுல ஏறிப் போற கோடு, கோட்டுக்கு மேல அம்புக்குறி. பேங்க்குல கடன் கேக்கப் போறவன்கூட இத்தனை ஜோடனை பண்ண மாட்டான். கீழ ஒரு வரி எழுதியிருந்தே பாரு: "மாமா, மருந்துக் கம்பெனி புஸ்தகத்துல குண்டு வேகம் நொடிக்கு 2,730 அடின்னு போட்டிருக்குதுங்க, என்ற துப்பாக்கி 2,630தான் குடுக்குது, அதனால மருந்தைக் கொஞ்சம் ஏத்தலாம்னு இருக்கேனுங்க." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடுதாசி. மத்த கட்டத்தையெல்லாம் உன்ற பொண்டாட்டி பாராட்டட்டும்.

மாமனுக்கு இதுல என்ன தெரியும்னு நெனைக்காதே. அருவங்காட்டுக் கார்டைட் பேக்டரில சோறு தின்னவன் நான். 1903-ல வெள்ளைக்காரன் நீலகிரி மலைல அதை ஆரம்பிச்சதே துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் மருந்து பண்ணத்தான். உள்ள போறப்பவே தீப்பெட்டி, பீடி எல்லாத்தையும் வாசல்ல பிடுங்கி வெச்சுக்குவாங்க. நீ என்னடான்னா அதே சாதிச் சரக்கைக் கார் ஷெட்டுல உக்காந்து, பக்கத்துல வெந்நீர் பாய்லர் எரிய எரிய, பாட்டுக் கேட்டுட்டு அளந்துட்டிருக்கறே. நம்மூருல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டம் உள்ள தள்ளிரும். அங்க கடைல பவுண்டுக் கணக்குல வாங்கிட்டு வந்தர்றீங்க. சரி, அந்த ஊர்ச் சட்டம் உனக்கு. ஆனா மருந்து எந்த ஊர்ச் சட்டத்தையும் படிச்சுட்டு எரியறதில்ல.

மொதல்ல நிறுவையைப் பாக்கலாம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம்ம ஆசாரி தங்கம் நிறுத்த குன்றிமணி ஒண்ணு ஏறக்குறைய 2 கிரெயின். உன்ற .308 துப்பாக்கில போடற 168 கிரெயின் குண்டு ஒண்ணேகால் பவுனுக்கு மேல நிக்கும். இந்தச் சேதியை என்ற மருமவகிட்டச் சொல்லிராதே. இத்தனை பவுனை மண்மேட்டுல சுட்டுட்டு வர்றீங்களான்னு கேட்டுருவா. உன்ற தோட்டாக்கூட்டுல போற மருந்து நாப்பத்திச் சொச்சம் கிரெயின். அந்த அளவுள்ள கூட்டுல ஒரு கிரெயின் கூட்டினா வேகம் நொடிக்குச் சுமாரா 50 அடி ஏறும். உனக்குக் குறையற 100 அடிக்கு 2 கிரெயின், அதாவது ஒரு குன்றிமணி எடை. "இவ்வளவுதானே மாமா"ன்னு இந்நேரம் மனசுக்குள்ள சொல்லியிருப்பே. அந்த "இவ்வளவுதானே"ல எத்தனை பேருக்குப் புருவம் கருகியிருக்குதுன்னு தெரியுமா?

வேகத்தை உன்ற ரேடார் எந்திரம் அளக்குது, அழுத்தத்தை அளக்கறதில்ல. கூத்தே அங்கதான் இருக்குது. மருந்தை 1 சதவீதம் ஏத்தினா வேகம் முக்கால் சதவீதம், ரொம்பப் போனா ஒரு சதவீதம் ஏறும். அழுத்தம் 2 சதவீதத்துக்கு மேல, சில சமயம் 3 வரைக்கும் ஏறும். ரெண்டு பேரும் ஒரே ஏணிலதான் ஏறறாங்க, ஆனா ஒருத்தன் படி படியா, இன்னொருத்தன் தாவித் தாவி. நீ படியேறறவனை மட்டும் எண்ணிட்டு நிக்கறே. அமெரிக்காவுல 1926-லருந்து சாமின்னு ஒரு அமைப்பு இருக்குது. நம்ம கோயில் சாமி இல்ல. துப்பாக்கி, தோட்டா பண்ற கம்பெனிக்காரங்க சேந்து வெச்சது. அந்தச் சாமி உன்ற .308-க்குப் போட்ட எல்லை சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த எல்லைக்கிட்ட நிக்கற தோட்டாவுல நீ ஒரு குன்றிமணி மருந்தைச் சேத்துனா அழுத்தம் ஏறக்குறைய 68,000-த்தைத் தொடும். உன்ற கார் டயருக்கு 32 பவுண்டு போதும்னு காத்தடிக்கறவன் சொன்னாக் கேட்டுக்கறே. இதை மட்டும் கேக்க மாட்டேங்கறே.

ஏன் இப்படித் தாவுதுன்னு கேப்பே. நம்ம தோட்டத்துல கரும்பு வெட்டினதும் சோகைக்குத் தீ வெப்பமே, பாத்திருக்கறியல்ல? மொத மூலைல மெதுவாத்தான் புடிக்கும். அப்பறம் சூட்டுல காத்து மேல கெளம்பும், சுத்துக் காத்து உள்ள பாயும், பாஞ்ச காத்து தீயை ஊதும், ஊதின தீ இன்னும் காத்தை இழுக்கும். துப்பாக்கி மருந்தும் அந்தக் கதைதான். அழுத்தம் ஏற ஏற அது வேகமா எரியும். வேகமா எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். 1884-ல பிரான்ஸ்ல பால் வியேல்னு ஒருத்தர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சாரு. அழுத்தத்துக்கும் எரியற வேகத்துக்கும் இருக்கற உறவைக் கணக்காச் சொன்னவரும் அவர்தான். அவரு மருந்தை வெச்சு 1886-ல லெபெல் துப்பாக்கி வந்துச்சு. அடுத்த வருசம் நோபல் ஒண்ணு பண்ணினாரு. 1889-ல இங்கிலாந்துல ஏபலும் டீவாரும் கார்டைட் பண்ணினாங்க: நைட்ரோகிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37, வாசலின் 5. ஆமா, உன்ற அத்தை உதட்டுக்குத் தடவுற அதே வாசலின்தான்.

இப்ப உன்ற 100 அடி எங்க போச்சுன்னு சொல்றேன், திருடனைத் தேட வேண்டியதில்ல. புஸ்தகத்துக்காரன் 24 அங்குலக் குழல்ல வெச்சுச் சுட்டுப் பாத்துட்டு எழுதியிருக்கறான். உன்ற துப்பாக்கிக் குழல் எத்தனை? 20. கட்டையா இருந்தா மரத்துக்கு நடுவுல எடுத்துட்டுப் போகச் சுலுவா இருக்கும்னு நீதான் கேட்டு வாங்கினே. குழல்ல ஒரு அங்குலம் கொறஞ்சா வேகம் சுமாரா 25 அடி கொறையும். நாலு அங்குலத்துக்கு 100 அடி. கணக்குச் செரியாப் போச்சல்ல? துப்பாக்கி ஒண்ணும் சோம்பேறி இல்ல, கட்டையா வாங்கினதுக்கு நீ கட்டற வரி அது.

அந்த வரியை மருந்தைப் போட்டுத் திருப்பி வாங்கலாம்னு கெளம்பறவன் ஒண்ணை மறந்தர்றான். அழுத்தம் உச்சிக்குப் போறது குண்டு ரெண்டு மூணு அங்குலம் நகர்றதுக்குள்ள. மீதிக் குழல் 24 அங்குலம் வரைக்கும் இருக்குதா, 20-லயே முடிஞ்சுருச்சான்னு அந்நேரத்துல மருந்துக்குத் தெரியாது. ஆக, புஸ்தகத்துக்காரன் நீட்டுக் குழல்ல 2,730 பாத்தப்ப தோட்டா நிக்கற அறைல என்ன அழுத்தம் இருந்துச்சோ, அதே மருந்துக்கு உன்ற கட்டைக் குழல்ல 2,630 வர்றப்பவும் ஏறக்குறைய அதே அழுத்தம்தான் இருக்குது. நீ எல்லைலதான் நிக்கறே மாப்ள. எல்லைக் கல்லு தெரியலீன்னு இன்னும் நாலு அடி நடக்கறேங்கறே.

இதுக்கு மறுபக்கமும் உண்டு. உன்ற 20 அங்குலக் குழல்ல புஸ்தக வேகமோ அதுக்கு மேலயோ வந்துச்சுன்னா சந்தோசப்பட்டு லட்டு குடுக்காதே. எங்கயோ அழுத்தம் கூடிப்போயிருக்குதுன்னு அர்த்தம். பித்தளைக் கூடு தடிமனா, உள்ள இடம் கம்மியா இருக்கலாம். பட்டாளத்துக் கூட்டுல அது சகஜம். குண்டை ஆழமா அழுத்தி ஒக்கார வெச்சிருக்கலாம். தராசு பொய் சொல்லலாம். காரணம் தெரியற வரைக்கும் அடுத்த தோட்டாவை உள்ள வெக்காதே. வேகம் சும்மா வர்றதில்ல. புஸ்தகத்துக்கு மேல வந்த ஒவ்வொரு அடிக்கும் அழுத்தம்தான் விலை குடுத்திருக்கும்.

"தோட்டா அடில இருக்கற கேப்பு தட்டையாகுதா, போல்ட்டு இறுகுதான்னு பாத்துக்கறேனுங்க மாமா"ன்னு சொல்லுவே. பாரு, நல்லாப் பாரு. ஆனா அதெல்லாம் எல்லையைத் தாண்டினதுக்கப்பறம் சில சமயம் வர்ற தாக்கல். சில துப்பாக்கில வரவே வராது. திருடன் போனப்பறம் குலைக்கற நாயை நம்பிக் கதவைத் தெறந்து வெக்கறவன் நீயாத்தான் இருப்பே.

இந்த வேகப் பைத்தியம் உனக்கு மொதமொதலா வந்ததில்ல. 1742-ல இங்கிலாந்துல பெஞ்சமின் ராபின்ஸ்ங்கறவரு பீரங்கிக் கலையைப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டாரு. கனமான ஒரு ஊசலைத் தொங்க விட்டு, அதுமேல குண்டைச் சுட்டு, ஊசல் எத்தனை தூரம் ஆடுச்சுன்னு ஒரு நாடாவுல அளந்து, அதுலருந்து குண்டோட வேகத்தைக் கணக்குப் பண்ணினாரு. நொடிக்கு 1,700 அடிக்குப் பக்கத்துல வந்துச்சு. நீ அறுநூறு டாலர் குடுத்து ரேடார் பெட்டி வாங்கிப் பண்றதை, மனுசன் ஒரு நாடாவை வெச்சுப் பண்ணிட்டாரு. அந்தப் புஸ்தகத்தைக் கணக்கு மேதை ஆய்லரே 1745-ல ஜெர்மன்ல மொழிபெயர்த்து விளக்கமும் போட்டாரு. கடைசில அந்த ராபின்ஸ் எங்க வந்து செத்தாரு தெரியுமா? நம்ம கடலூருல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோட்டை கொத்தளம் பாக்கற எஞ்சினியரா வந்தவரு, 1751-ல செயின்ட் டேவிட் கோட்டைல காய்ச்சல்ல போய்ச் சேந்தாரு. குண்டோட வேகத்தை உலகத்துல மொதல்ல ஒழுங்கா அளந்தவன் தேவனாம்பட்டினத்துக் கடக்கரைல முடிஞ்சான்னு உன்ற டெக்ஸாஸ் கூட்டாளிககிட்டச் சொல்லு. வாயைப் பொளப்பாங்க.

அவருக்குப் பின்னால சார்லஸ் ஹட்டன். நியூகாசில்ல பொறந்து, சின்ன வயசுல நெலக்கரிக் குழில வேலை பாத்தவரு. கணக்கு வாத்தியாராகி 1778-ல ராயல் சொசைட்டியோட காப்ளி மெடல் வாங்கினாரு. எதுக்கு வாங்கினாரு? மருந்தைக் கூட்டினா குண்டு எத்தனை வேகமாப் போகும்னு பீரங்கில சுட்டுப் பாத்ததுக்கு. அவரு கண்டது: ஒரே குண்டுக்கு மருந்தை நாலு பங்காக்கினா வேகம் ரெண்டு பங்குதான் ஆகுது. அதையும் தாண்டிக் குழல்ல மருந்தை அடைச்சுட்டே போனா, ஒரு கட்டத்துக்கு மேல வேகம் ஏறாம எறங்கவே ஆரம்பிக்குது. அது கரிமருந்துக் காலம், உன்ற மருந்து வேற. ஆனா நூறு ரூபா முதல் போட்டா நூறு ரூபா லாபம்ங்கற கணக்கு துப்பாக்கில கெடையாதுன்னு இருநூத்தம்பது வருசத்துக்கு முந்தியே ஒரு கரிக்குழிக்காரன் எழுதி வெச்சுட்டான். இன்னைக்கும் உன்ற மருந்துல இருக்கற சக்தில ஏறக்குறைய மூணுல ஒரு பங்குதான் குண்டுக்குப் போகுது. மீதி சூடாவும் சத்தமாவும் உன்ற தோள்பட்டைக்கு உதையாவும் போகுது. மருந்தே ஆவியா வெளிய பாயறப்ப அதுவும் சேந்து உதைக்கும். கூட்டின மருந்துக்கு வட்டி உன்ற தோளுதான் கட்டுது.

அப்பறம் உன்ற அம்புக்குறி. 0.3 கிரெயின் 0.3 கிரெயினா ஏத்தி ஒவ்வொண்ணு சுட்டுப் பாத்தியாம். நடுவுல ரெண்டு படில வேகம் ஏறாம ஒரே மட்டமா நின்னுதாம். "இதுதானுங்க மாமா ராசியான எடம்"னு அம்பு போட்டிருக்கறே. 0.3 கிரெயினுக்கு வேகம் 15, 16 அடி ஏறணும். ஆனா ஒரே அளவு மருந்து போட்ட பத்துத் தோட்டாவே ஒண்ணுக்கொண்ணு பத்துப் பன்னண்டு அடி முன்னப்பின்ன போகும். அப்படியிருக்கறப்ப ஒத்தைக் குண்டு சுட்டுப் பாத்தா, மட்டம் என்ன, பள்ளமே தெரியும். நாளைக்கு மறுபடி சுடு, ராசியான எடம் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருக்கும். ஒரு அளவுக்குப் பத்துத் தோட்டாவாவது சுட்டுட்டுச் சராசரி சொல்லு, கேக்கறேன். ஒத்தைக் குண்டுல ராசி பாக்கறதுக்கு நம்மூருல கிளி ஜோசியக்காரன் இருக்கறான், கூலியும் கம்மி.

அதே மாதிரி 0.1 கிரெயின் கூடக்கொறையப் போயிருச்சுன்னு ராத்திரி தூக்கம் கெட்டு எழுதியிருந்தே. 0.1 கிரெயின்னா ஆறரை மில்லிகிராம், அதுக்கு 5 அடி வேகம். பத்துப் பன்னண்டு அடி தானாவே ஆடுற எடத்துல அஞ்சடிக்கு அழுவறே. ஒரு குன்றிமணி கூட்டறதுக்கு மட்டும் சிரிச்சுட்டே கை நீட்டறே. உன்ற கவலை பூராவும் தப்பான எடத்துலயே மேயுது மாப்ள.

சரி, அந்த 100 அடி வந்தேதான் தீரணும்னு வெச்சுக்க. வந்து என்ன பண்ணப் போகுது? 100 கெசத்துக்குக் குறி செட் பண்ணி 300 கெசத்துல சுட்டா, 2,630-க்கும் 2,730-க்கும் குண்டு விழற உயரத்துல ரெண்டு அங்குலம்கூட வித்தியாசம் வராது. அதே 300 கெசத்துல மணிக்குப் பத்து மைல் குறுக்குக் காத்து உன்ற குண்டைச் சுமாரா 7 அங்குலம் தள்ளும். காத்தை ரெண்டரை மைல் தப்பாக் கணிச்சீன்னா, மருந்துல சம்பாதிச்சதைக் காத்து வாங்கிட்டுப் போயிரும். புல்லு சாயறதைப் பாத்துக் காத்தைச் சொல்லக் கத்துக்க. அதுக்கு அழுத்தமும் ஏறாது, காசும் ஆகாது. இத்தனைக்கும் நீ மான் வேட்டைக்குப் போறது வருசத்துக்கு ஒருக்கா. மான் உன்ற ரேடார் பெட்டியைப் பாத்துட்டு, "இவன் 2,630தான், விழ வேண்டாம்"னு நிக்கப் போறதில்ல.

பெரிய வேகம்தான் வேணும்னா அதுக்கு நேர்வழி பெரிய கூடு. 1906-ல வந்த .30-06-ஐ எடுத்துக்க. 1952-ல வந்த உன்ற .308-ஐ விட அதோட கூட்டுல 20 சதவீதம் போல எடம் அதிகம். அழுத்தம் மாறாம கூட்டோட எடம் மட்டும் கூடினா, கூடினதுல கால் பங்கு வேகம் கூடும்னு தோட்டாக் கட்டறவங்க கைக்கணக்கு ஒண்ணு வெச்சிருக்கறாங்க. 20-க்குக் கால் 5. அஞ்சு சதவீத வேகம், நெஞ்சு படபடக்காம. சின்ன வீட்டுல பெரிய கலியாணம் வெச்சுச் செவுத்தை ஒடைக்கறதை விட்டுட்டு மண்டபம் பாரு. மண்டபத்துக்குப் பணமில்லீன்னா கலியாணத்தைச் சின்னதா வை.

இனி மாமன் சொல்ற நாலு காரியம். இதைச் சிரிச்சுட்டுப் படிக்காதே.

எத்தனை கிரெயின் போடறதுன்னு என்னைக் கேக்காதே, கூட்டாளியையும் கேக்காதே. மருந்துக் கம்பெனி அச்சடிச்ச புஸ்தகத்துல உன்ற குண்டு, உன்ற மருந்து, உன்ற கூடு மூணும் இருக்கற பக்கத்தை மட்டும் பாரு. அதுல தொடக்க அளவுன்னு ஒண்ணு போட்டிருப்பான், பெரும்பாலும் உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழ. அங்கருந்து ஏறு. குண்டோ கூடோ கேப்போ எதை மாத்தினாலும் மறுபடி கீழ எறங்கிட்டு ஏறு.

பயந்துட்டு ஒரேயடியாக் கொறைக்கவும் கூடாது. மெதுவா எரியற மருந்தைப் பெரிய கூட்டுல அரைகொறையாப் போட்டு, அழுத்தம் தாறுமாறா ஏறித் துப்பாக்கி ஒடைஞ்ச கதையெல்லாம் உண்டு. எந்த மருந்தைக் கொறைச்சுப் போடலாம், எதுவரைக்கும் கொறைக்கலாம்னு கம்பெனியே சொல்லும். H4895-ங்கற மருந்துக்கு ஹாட்ஜன் கம்பெனி, உச்ச அளவுல 60 சதவீதம் வரைக்கும் எறங்கலாம்னு எழுதியே குடுத்திருக்குது. எழுதாத மருந்துல எறங்காதே.

மேசை மேல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும். 4350-ன்னு நம்பர் போட்ட மருந்து ஒண்ணுக்கு மேல விக்குது; நம்பர் ஒண்ணா இருந்தாலும் கம்பெனி வேற, எரியற வேகம் வேற. ஒண்ணோட அளவை இன்னொண்ணுக்குப் போடறவன் வாத்தியார் பேரு ஒண்ணுன்னு பக்கத்துப் பள்ளிக்கூடத்துல போய்ப் பரீட்சை எழுதறவன்.

தை மாசக் குளுருல எல்லை வரைக்கும் ஏத்திக் கண்டுபிடிச்ச அளவை, ஆடி வெய்யில்ல கார் டேஷ்போர்டுல காய வெச்சுட்டுச் சுடாதே. சூட்டுல மருந்துக்கு ரோசம் ஜாஸ்தி. சில மருந்துல குளுருக்கும் வெய்யிலுக்கும் 50 அடி வரைக்கும் வித்தியாசம் வரும். வேகம் அம்பதுன்னா அழுத்தம் எத்தனைன்னு மேல சொன்னதை வெச்சு நீயே கணக்குப் போடு. எல்லைக்குக் கீழ ஒரு கிரெயின் எடம் விட்டு நின்னீன்னா வெய்யிலும் குளுரும் உன்னைக் கேள்வி கேக்காது. கூடும் நாலு தடவை கூட வரும், குழலும் சீக்கிரம் தேயாது.

கடைசியா, சுடற எடத்துல பக்கத்து மேசைக்காரன் ஒருத்தன் "என்றது 2,800"ன்னு மார் தட்டறான்னு எழுதியிருந்தியே. உன்ற கொதிப்புக்கெல்லாம் மூலம் அவன்தான்னு எனக்குத் தெரியாதா? அவன்கிட்டருந்து ரெண்டு மேசை தள்ளி உக்காரு. துப்பாக்கி தெறிச்சா அந்தத் தூரம் ஒதவும். உன்றது எத்தனைன்னு அவன் கேட்டா, தயங்காம 2,900-ன்னு சொல்லு. வாயால ஏத்தற வேகத்துக்கு அழுத்தம் கெடையாது மாப்ள, எத்தனை வேணும்னாலும் ஏத்திக்கலாம்.

இப்படிக்கு,
உன்ற தாய்மாமன்